மரத்தை நம்பும் மானாவாரி

பொய்க்கும் மழையையும் சரியும் விலையையும் சமாளிக்க சித்தூர், திருப்பதி மாவட்டச் சிறு விவசாயிகள் வயலில் மரம் வளர்க்கிறார்கள். எந்த மரம், அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிக்கல்.

2025 ஜூனில் சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நீண்ட வரிசையில் நின்றன. ஏற்றி வந்த சரக்கு கிளிமூக்கு மாங்காய். சித்தூர்க்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர் தோட்டாபுரி. இந்த ரகம் பழக்கடைக்காக வளர்க்கப்படுவதல்ல. கூழாகி, டின்னில் அடைபட்டு, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவதுதான் வழக்கம். அந்த ஆண்டு ஆலைகளில் பழைய கூழே விற்காமல் தேங்கிக் கிடந்தது. விலை தடாலென்று விழுந்தது.

ஆந்திர அரசு தலையிட்டது. ஆலைகள் கிலோவுக்கு ரூ. 8 தர வேண்டும், மேற்கொண்டு ரூ. 4 அரசே தரும் என்று அறிவித்தது. வெளிமாநில மாங்காய் உள்ளே வர சித்தூர் நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் என்ற முறையில் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்கு ஆட்சேபம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஆலைகள் சொன்ன விலையைத் தரவில்லை என்று விவசாயிகள் கொதித்தார்கள். ஜூலையில் பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெகன்மோகன் ரெட்டி வந்தபோது அது முழு அரசியலாகவே ஆகிவிட்டது. கடைசியில் மத்திய அரசு குவிண்டாலுக்கு ரூ. 1,490.73 என்று விலை நிர்ணயித்து, சுமார் 1.62 லட்சம் டன்னுக்கு விலை வித்தியாசத்தை மாநிலத்தோடு பாதிப்பாதி ஏற்க முன்வந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்த மாமரங்களில் பெரும்பகுதி வறட்சிக்குப் பயந்து நடப்பட்டவை. மழை பொய்த்தாலும் மரம் கைவிடாது என்ற நம்பிக்கையில் வேர்க்கடலைக் காட்டை மாந்தோப்பாக்கியவர்கள் ஏராளம். மரம் கைவிடவில்லை. சந்தை கைவிட்டது.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளின் சிறு விவசாயிகளுக்கு விஞ்ஞானிகள் பரிந்துரைக்கும் மருந்துகளில் முக்கியமானது வேளாண் காடு. அதாவது, பயிரும் மரமும் கால்நடையும் ஒரே நிலத்தில். அந்த மருந்து எங்கே வேலை செய்கிறது, எங்கே பக்கவிளைவு தருகிறது என்பதைப் பார்க்க சித்தூரும் திருப்பதியும் பொருத்தமான இடங்கள்.

கடலையின் கதை

1911ல் வடஆற்காட்டின் தாலுகாக்களையும் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டம், 1960 ஏப்ரலில் திருத்தணியைத் தமிழகத்துக்குக் கொடுத்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் வானம் மாறவில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ராயலசீமைக் கணக்கில் இது மோசமில்லை. ஆனால் சராசரி என்பது ஏமாற்று எண். ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு போன்ற கிழக்குப் பகுதிகளை வடகிழக்குப் பருவமழை வெளுத்துக் கட்டும். மேற்கே புங்கனூர், மதனப்பள்ளி, குப்பம் பக்கம் வானம் பார்த்த பூமி. தெலுங்கில் 'மெட்ட' என்று சொல்லப்படும் மேட்டு நிலம்தான் அங்கே அதிகம்.

அந்த மேட்டு நிலத்தின் ராஜா வெகுகாலம் வேர்க்கடலைதான். திண்டிவனத்தில் உருவாகி 1940ல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் இங்கே தலைமுறை தலைமுறையாக விதைக்கப்பட்டது. ஆனால் கடலை மழையின் நாள் கணக்கை நம்பி வாழும் பயிர். ஜூன், ஜூலையில் விதைக்க ஒரு மழை வேண்டும். பூத்த பின் விழுது மண்ணுக்குள் இறங்க ஈரம் வேண்டும். காய் முற்றும்போது இன்னொரு மழை வேண்டும். அறுவடை நேரத்தில் மழை கூடவே கூடாது. பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இந்த நாலு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் விதைக்குப் போட்ட காசு போயிற்று.

ஈடு கொடுக்க விஞ்ஞானம் முயலாமல் இல்லை. திருப்பதியில் இருக்கும் ஆசார்ய என்.ஜி. ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், வறட்சி தாங்கும் 'தரணி' போன்ற கடலை ரகங்களைத் தந்தது. ஆனால் ரகம் மாறும் வேகத்தைவிட வானிலை மாறும் வேகம் அதிகம். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் சுவர்ணமுகி கரைபுரண்டது. திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு, சுற்றியிருந்த கிராமங்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்ட், 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருப்பதி மாவட்டத்து வயல்களை மூழ்கடித்தது. ஒரே ஆண்டில் வறட்சி, வெள்ளம் இரண்டும் வந்தால் எந்த விதை தாங்கும்?

தண்ணீரைத் தேடி நிலத்தைத் துளைத்துப் பார்த்தாயிற்று. சித்தூரின் மேற்குப் பகுதிகளில் ஆயிரம் அடிக்குக் கீழே போன ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. 1990களின் பிற்பகுதியில் குப்பத்தில் இஸ்ரேல் முறை சொட்டுநீர்ப் பாசனம் பெரும் செலவில் செய்து காட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஹந்திரி நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீரே குப்பத்துக்கு வந்தது. ஸ்ரீசைலத்திலிருந்து பம்ப் செய்து மேடேற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்தது சாதனைதான். ஆனால் ஏரியை நிரப்பும் தண்ணீர் ஒவ்வொரு மேட்டுக் காட்டுக்கும் ஏறிவிடாது. இரண்டு ஏக்கர் மானாவாரி விவசாயிக்கு மிச்சமிருப்பது தன் நிலத்தில் விழும் மழை மட்டுமே.

மரம் என்ன செய்யும்?

விழும் மழையை நிறுத்தி வைப்பது மரத்தின் முதல் வேலை. கடலையின் வேர் மண்ணின் மேலடுக்கோடு நின்றுவிடும். புளியும் வேம்பும் பாறை இடுக்குவரை போய், பயிருக்கு எட்டாத ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் இரண்டு வாரம் மழை தள்ளிப்போனால் கடலை வாடுகிறது. புளிக்கு அது தெரிவதுகூட இல்லை. உதிரும் இலை மண்ணை மூடி வெயிலைத் தடுக்கிறது, மக்கி மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டுகிறது. வரப்போரம் நிற்கும் மரவரிசை காற்றின் வேகத்தைக் குறைத்து, பயிர் இழக்கும் ஈரத்தைக் குறைக்கிறது. சரிவுக்குக் குறுக்கே நட்டால், கொட்டும் மழையில் மேல்மண் அடித்துப் போவதும் குறையும்.

இரண்டாவது வேலை, வரவைப் பிரித்துப் போடுவது. பத்து மீட்டருக்கு ஒன்றாக மாங்கன்று நட்டால் ஏக்கருக்கு 40 மரம் நிற்கும். ஒட்டுக் கன்று காய்க்க நாலைந்து ஆண்டாகும். அதுவரை இடைவெளியில் கடலை, கொள்ளு, துவரை போடலாம். வரப்பில் கிளைரிசிடியா இருந்தால் ஆண்டில் இரண்டு மூன்று முறை கழித்துத் தழையுரமாகப் போடலாம். அதன் இலையில் தழைச்சத்து ஏராளம். வேலியோரம் சீத்தா, நெல்லி, முருங்கை. எல்லாம் தோற்ற ஆண்டில்கூட ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் கிடைக்கும். ஆடு இருக்கும் வீட்டில் வறட்சி ஆண்டில் நிலத்தை விற்க வேண்டிய அவசரம் வருவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு இதே சூத்திரம்தான்: கிளுவை வேலி, நடுவே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், மேய்வதற்குக் காங்கேயம் மாடு. மழை குறைந்த நிலத்தில் அதுதான் அந்த வட்டாரத்தை நிற்க வைத்தது. குஜராத்தின் வன்ஸ்தா வட்டாரத்தில் 1982ல் 'பாயிஃப்' அமைப்பு பழங்குடிக் குடும்பங்களோடு தொடங்கிய 'வாடி' திட்டம் இதையே ஒரு ஏக்கர் அளவுக்குச் சுருக்கியது: நடுவே பழமரம், ஊடே பயிர், ஓரத்தில் விறகு மரமும் வேலியும். பின்னர் நபார்டு வங்கி அதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோயிற்று. 2014 பிப்ரவரியில் தேசிய வேளாண் காடுகள் கொள்கையை வெளியிட்டு, இப்படி ஒரு கொள்கை கொண்ட முதல் நாடாக இந்தியா ஆனது.

ஆந்திராவில் 2016ல் தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டமும் இதே திசையில்தான் போகிறது. பருவமழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து தூவி, மண்ணை ஆண்டு முழுவதும் பச்சையால் மூடி வைப்பதும், பயிரோடு மரத்தையும் சேர்ப்பதும் அதன் பாடங்கள். அத்திட்டம் 2024ல் போர்ச்சுகலின் குல்பென்கியான் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

தோப்பு வேறு, காடு வேறு

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் 2025 மாங்காய்ச் சரிவின் பாடம் தெளிவாகிறது. சித்தூரில் பரவியது வேளாண் காடு அல்ல, ஒற்றை ரகத் தோப்பு. மரம் வளர்ந்து நிழல் கூடியதும் ஊடுபயிர் நின்றுவிட்டது. கடலையை நம்பியிருந்த குடும்பம் தோட்டாபுரியை நம்பும் குடும்பமானது. கடலைக்காவது ஊருக்கு ஊர் செக்கு இருந்தது. கூழ் ரகத்துக்கு ஆலை ஒன்றே கதி. ஆலை கதவை மூடினால், பழுத்த காயை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருக்க முடியும்?

மாந்தோப்புக்கும் வானிலை பயம் உண்டு. பூக்கும் காலத்தில் காலம் தவறிய மழையோ மூடுபனியோ வந்தால் பூ கருகும். பிஞ்சு நிற்கும்போது கோடைக் காற்று அடித்தால் தரையெல்லாம் காய். எல்லா மரமும் ஒரே ரகம் என்பதால் அடி விழுந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விழுகிறது. தைல மரத்தை மட்டும் நெருக்கி நடுவதும் இதே வகைதான். காகித ஆலைக்கு மரம் கிடைக்கும், நிலத்துக்கு நிழல்கூட மிஞ்சாது.

ஒரு ஏக்கரில் 40 மாமரத்துக்குப் பதில் 20 மாமரம், மீதி புளியும் நெல்லியும் சீத்தாவும் என்றால் நல்ல ஆண்டில் வருமானம் குறையலாம். கெட்ட ஆண்டில் பூஜ்யத்துக்குப் போகாது. நாலு பேர் கொண்ட சிறு விவசாயக் குடும்பத்துக்கு அதிக லாபத்தைவிட முக்கியம், அடியோடு விழாமல் இருப்பது.

செம்மரத்தின் பாடம்

மரம் நட்டவனுக்கு மரம் சொந்தமா? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சிக்கலான பதில் சேஷாசலம் மலையடிவாரத்தில்தான் கிடைக்கும். எர்ரசந்தனம் என்று தெலுங்கர்கள் சொல்லும் செம்மரம், சேஷாசலம், வேலிகொண்டா, பால்கொண்டா மலைகளையும் சுற்றுப்புறங்களையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கல் மண்ணில், குறைந்த மழையில், வெயிலில் வளரும் மரம். வறண்ட நிலத்துச் சிறு விவசாயிக்கென்றே படைக்கப்பட்டதுபோல இருக்கும். ஆனால் வைரம் பாய இருபது, முப்பது ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

வெளிநாட்டு விலையால் காட்டுச் செம்மரம் கடத்தல்காரர்களின் கையில் சிக்கியது. 1995ல் அது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று 1997ல் அறிவிக்கப்பட்டது. 2018ல் ஆபத்துப் படியில் கீழே இறக்கப்பட்டு, 2022ல் மறுபடி மேலே ஏற்றப்பட்டது. மரத்துக்கு ஆபத்து என்றால் மனிதனுக்கும் ஆபத்து. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். அவர்கள் ஊரிலும் நிலம் வானம் பார்த்ததுதான்.

இதன் நிழல் சட்டப்படி மரம் வளர்த்தவர் மீதும் விழுந்தது. பட்டா நிலத்தில், தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த செம்மரத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். ஏற்றிச் செல்ல இன்னொரு அனுமதி. 2019 பிப்ரவரியில்தான் தனியார் நிலத்தில் பயிரான செம்மரக் கட்டைகளை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு வழி திறந்தது. 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தின் மீதிருந்த சர்வதேசக் கண்காணிப்பு நடவடிக்கை 2023 நவம்பரில் விலகியது.

அதன் பலன் மெல்ல எட்டிப் பார்க்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர்ப் பெருக்க ஆணையம், 2002ம் ஆண்டுச் சட்டப்படி செம்மர வணிகத்தில் வசூலான பங்குத் தொகையிலிருந்து, 2025 நவம்பரில் ஆந்திர விவசாயிகள் 198 பேருக்கு ரூ. 3 கோடி ஒதுக்கியது. சித்தூர், திருப்பதி, நெல்லூர், கடப்பா மாவட்டங்களில் 48 கிராமங்களைச் சேர்ந்தவர்கள் இவர்கள். கொடுத்த மரத்தின் அளவுக்கேற்ப ரூ. 33,000 முதல் ரூ. 22 லட்சம்வரை கிடைத்தது. மரம் நட்டவரைக் குற்றவாளிபோலப் பார்த்த காலம் போய், பங்காளியாகப் பார்க்கும் காலம் தொடங்குகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

ஆப்பிரிக்காவின் நைஜர் இதே பாடத்தை முன்பே படித்துவிட்டது. அங்கே மரம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்தவரை, வயலில் முளைத்த கன்றை விவசாயிகள் உழுது தள்ளினார்கள். 1980களிலிருந்து மரத்தின் மீதான உரிமை நடைமுறையில் அவர்கள் பக்கம் சாய்ந்தபோது, முளைத்ததைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். நாற்றங்கால் இல்லாமல், பழைய வேர்க்கட்டைகளின் துளிரை வளர்த்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலம் மீண்டும் பசுமை கண்டது.

நடுவதற்கு முன்

முட்டுக்கட்டைகள் குறைவில்லை. முதல் மூன்று கோடைகள்தான் கன்றுக்குக் கண்டம். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இந்தச் செலவைத்தான் ஊரக வேலை உறுதித் திட்டம் ஏற்றது. 2006 பிப்ரவரியில் ராயலசீமையின் அனந்தபூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திட்டத்தில், சிறு விவசாயியின் சொந்த நிலத்தில் பழக்கன்று நடவும் பராமரிக்கவும் ஆந்திரா பணம் கொடுத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி செலவில் 40 சதவீதம் மாநிலங்களின் பொறுப்பு. நட்ட கன்றுக்கு மூன்றாம் கோடையிலும் தண்ணீர்ப் பணம் வருமா என்பது மாநிலத்தின் கஜானாவைப் பொறுத்தது.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். 2019ல் ஆந்திரா கொண்டுவந்த சாகுபடியாளர் உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொடுப்பது 11 மாத அட்டை. பதினோரு மாதத்தில் கடலை விளையும், புளி விளையாது. நிலச் சொந்தக்காரரும், மரம் நட்டால் உரிமை கோருவார்கள் என்று பயந்து அனுமதிப்பதில்லை. 2002ம் ஆண்டு நீர், நிலம், மரச் சட்டம் பட்டாவில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி கேட்கச் சொல்கிறது. காட்டைக் காக்க வந்த விதி, வயலில் மரம் நடுபவரை யோசிக்க வைக்கிறது.

பலமநேர், குப்பம் பக்கம் இன்னொரு விருந்தாளி உண்டு. 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்த யானைகள் கௌண்டின்யா சரணாலயத்தில் தங்கிவிட்டன. மாவும் பலாவும் அவற்றுக்கும் பிடிக்கும். 2025 மே மாதம் கர்நாடகத்திடமிருந்து ஆந்திரா கும்கி யானைகளை வாங்க வேண்டியதாயிற்று. காட்டோரக் கிராமத்துக்கு யானை சீண்டாத மரம், ஊர் நடுவே வேறு மரம் என்று கன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் ஆந்திரா பாடு என்று தமிழகம் ஒதுங்க முடியாது. கர்நாடகத்தில் பிறக்கும் பாலாறு குப்பம் வழியாகத்தான் வாணியம்பாடிக்கு வருகிறது. பொன்னையாறு சித்தூர்ச் சரிவுகளில் திரண்டு பாலாற்றில் சேர்கிறது. ஆரணியாறு பிச்சாட்டூரைத் தாண்டித் திருவள்ளூருக்குள் நுழைகிறது. மேட்டு நிலத்தில் மழை மண்ணில் இறங்கினால் கீழே கிணறு ஊறும். மேல்மண்ணோடு ஓடினால் கீழே வெள்ளமும் வண்டலும்தான். சித்தூர் வரப்பில் நிற்கும் புங்கமரத்துக்கு வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களும் கடன்பட்டவர்கள்.

வழிகள் தெரியாதவை அல்ல. கன்று வினியோகம் ஒரே ரகத்தில் குவியாமல் கலவையாக இருக்க வேண்டும். மூன்று கோடைகளுக்குப் பராமரிப்புப் பணம் உறுதியாக வர வேண்டும். நட்ட அன்றே மரத்தைப் பட்டாவில் பதிவு செய்து, வெட்டும் நாளில் அந்தப் பதிவே அனுமதியாகச் செல்ல வேண்டும். குத்தகைக்காரருக்கு மரத்தின் பலனில் எழுத்து மூலம் பங்கு வேண்டும். இவற்றில் எதற்கும் ஸ்ரீசைலத்திலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை. மழைக்குக் காத்திருப்பது சித்தூர் விவசாயிக்குப் பழகிப்போனது. புளி காய்க்கும்வரையும் அவர் காத்திருப்பார். தாசில்தார் அலுவலக வாசலில் காத்திருக்கத்தான் அவருக்கு நேரமில்லை.